கரண்ட் போனால் எந்த வட்டம்?

1

பன்னிரண்டு மாடி லிஃப்ட் குழிக்குள் கம்பியில் ஒரு கையும் ஸ்பேனரில் ஒரு கையுமாகத் தொங்கிக்கொண்டு முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், கோயில் வாசலில் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதுவது வேறு கதை. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில், காலை பத்து மணியிலிருந்து பதினோரு மணி வரை நான் பயந்த கதை. அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினான்கு வயதில் மில்லில் நூல் கூடை தூக்கினேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்பார்கள். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தை வைத்து இருபத்திரண்டு வயதில் பிரான்சுக்கு வந்தேன். லிஃப்ட் கம்பெனியில் எண்ணெய்த் துணி பிடிக்கிற வேலை. மூன்றே வருஷத்தில், பலகையில் காதை வைத்து எந்த ரிலே தாமதமாக விழுகிறது என்று சொல்லிவிடுவேன். ரிலே என்பது கரண்ட் வந்தால் 'டக்' என்று ஒட்டி, போனால் 'டக்' என்று விழும் சுவிட்ச். அந்தக் காலத்து லிஃப்டுக்கு மூளை அதுதான். டிப்ளமா வாங்கிய வெள்ளைக்காரன் மீட்டரை எடுப்பதற்குள் நான் மூடியை மூடிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

ஆனால் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஊருக்கு எழுதிக் கேட்டேன். எட்டு மாதம் கழித்து, எனக்கு அம்மை குத்தியிருப்பதற்கான சான்றிதழ் வந்தது. அதையும் கொண்டுபோய் நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது லிஃப்டுக்கு உதவாது, மிஸ்யூ" என்றாள். நான் ரிப்பேர் செய்வேன், இன்னொருவன் கையெழுத்துப் போடுவான். முப்பத்தோரு வருஷம் இப்படியே போயிற்று.

2

அதனால்தான் பாண்டிச்சேரியில், சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு லிஃப்ட் போட்டேன். என் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி உள்ளே பதித்தேன்.

அது என் தங்கை லூர்து இருக்கும் வீடு. அவள் மகன் ஆல்பேர் மேலே மேலே கட்டி, கீழ்த்தளத்துக்கு மேல் மூன்று மாடி ஆக்கிவிட்டான். மூன்றாவது மாடியில் ஒரு டீச்சரம்மா வாடகைக்கு இருக்கிறார். முதல் மாடியும் வாடகைக்குத்தான். கீழே கோவிந்து தையல் கடை வைத்திருக்கிறார். லூர்து இரண்டாவது மாடி. சர்க்கரை வியாதியில் அவளுக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. படியில் இரண்டு முறை விழுந்தாள். "கவலப்படாத, அண்ணன் இருக்கேன்" என்றேன்.

இங்கே ஒரு பழைய கட்டடத்தில் கழித்துப்போட்ட லிஃப்டின் பெட்டியையும் மோட்டாரையும் வாங்கி, கப்பலில் ஏற்றி, ஒரு கோடை முழுக்க சாரத்தில் உட்கார்ந்து நானே மாட்டினேன். பழைய ரிலே பலகையை மட்டும் கொண்டுபோகவில்லை. நாற்பது ரிலே செய்த வேலையைச் செருப்புப் பெட்டி அளவு கன்ட்ரோலர் ஒன்றுக்குள் அடக்கினேன். பழைய லிஃப்டில், பெட்டி மாடிக்கு வந்தால் அதிலிருக்கும் இரும்புக் கை அந்த மாடிக் கதவின் பூட்டைத் தள்ளித் திறக்கும். அந்தக் கை துருப்பிடித்திருந்தது. அதையும் எடுத்துவிட்டு மின்பூட்டுப் போட்டேன். பெட்டி எந்த மாடியில் இருக்கிறது என்று கன்ட்ரோலர் எண்ணி வைத்துக்கொண்டு, அந்த மாடிப் பூட்டை மட்டும் திறந்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் பழைய லிஃப்ட் எல்லாவற்றையும் மறந்துவிடும். மெதுவாகக் கீழ்த்தளம்வரை போய்த் தொட்டுவிட்டுத்தான் மறுபடி வேலை செய்யும். நான் கன்ட்ரோலருக்கு ஒரு பேட்டரி வைத்தேன். கரண்ட் போனாலும் என் லிஃப்டுக்கு ஞாபகம் போகாது, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். "உங்களுக்கு மறக்கும், என் லிஃப்டுக்கு மறக்காது."

மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துத் திறந்துவைத்த நாளில், வந்தவர்கள் யாரும் நடுவில் மாட்டிக்கொண்டு என் மானம் போகக் கூடாது என்று வாடகை ஜெனரேட்டர் பிடித்துக் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடவிட்டேன். அறுபது பேர் ஏறி இறங்கினார்கள். ஒரு குறை இல்லை. அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை. நான் போக விடவில்லை.

3

என் மகள் கிளேருக்குத் தமிழ் வராது. 'வா', 'போதும்', 'சாப்பிட்டியா' மூன்றும் வரும். வீட்டில் தமிழ் பேசினால் படிப்பில் பின்தங்குவாள் என்று ஒரு டீச்சர் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நம்பிவிட்டேன். அத்தையும் அவளும் ஃபோனில் பேசிக்கொண்டால் "சாப்பிட்டியா", "வா", பிறகு இரண்டு பக்கமும் சிரிப்பு, அவ்வளவுதான். மீதியை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

ஆனால் பெரிய படிப்பு. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையே கேட்டேன், எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நாங்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஓர் இயந்திரம் எந்தெந்த நிலையில் இருக்கலாமோ, அதற்கெல்லாம் ஒவ்வொரு வட்டம். என்ன நடந்தால் எந்த வட்டத்திலிருந்து எதற்குப் போகும் என்று அம்புக்குறி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஓத்தோமாத். நான் வட்டப்படம் என்று சொல்லிக்கொள்கிறேன். இதில் வகைகள் உண்டு. ஒரு வகையில், ஒரே காரியம் நடந்தால் ஒரு வட்டத்திலிருந்து இரண்டு அம்பு கிளம்பலாம், இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம். மனுஷன் வரைவதற்கு அது வசதி. இன்னொரு வகையில் ஒரு காரியத்துக்கு ஒரே அம்பு. அதோடு, எந்த வட்டத்திலும் எந்தக் காரியத்துக்கும் அம்பு இல்லாமல் இருக்கக் கூடாது. விபத்து நடக்க வழி இருக்கிறதா என்று துருவித் தேடும் அவளுடைய புரோகிராம் இந்த இரண்டாவது வகையைத்தான் தின்னும். ஒரு வகையை இன்னொரு வகையாக, அர்த்தம் துளியும் மாறாமல் மாற்றிக் கொடுப்பதுதான் என் மகளின் ஆராய்ச்சி.

"இதுல இன்னாம்மா கஷ்டம்?" என்றேன்.

இயந்திரம் எங்கெல்லாம் இருக்கக்கூடுமோ அத்தனை வட்டங்களையும் ஒரு பெரிய வட்டத்துக்குள் மூட்டை கட்டுவது சுலபமான வழியாம். ஒரு தடவை ஓடி நின்றுவிடும் வேலைக்கு அது போதுமாம். லிஃப்ட் மாதிரி முடிவே இல்லாமல் ஓடுவதற்கு, அந்த மூட்டை சில சமயம் பொய் சொல்லிவிடுமாம்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. "காலாப்பட்டு பஸ் ஸ்டாப் மாதிரியா? தெனம் பஸ்ல யாரோ ஒருத்தர் ஏறுறார். ஆனா ஒவ்வொரு நாளும் வேற வேற ஆளு. 'இன்னைக்கும் ஆள் ஏறியாச்சு'ன்னு மட்டும் எழுதி வெச்சா, படிக்கிறவன் தெனம் ஏறுற ஒரு ஆளு இருக்கார்னு நெனச்சுக்குவான். நெஜத்துல அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல."

கிளேர் என்னையே பார்த்தாள். "பப்பா, என் பேராசிரியர் இவ்வளவு தெளிவா சொல்லல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தனை சந்தோஷம். மறுநாள் அவள், உதாரணம் காட்ட உண்மையான சின்ன இயந்திரம் ஒன்று வேண்டும் என்றபோது நான் யோசிக்கவே இல்லை. "என் லிஃப்டைப் போடு. உலகம் பார்க்கட்டும்" என்றேன்.

4

என் வரைபடம் ஒரு பழைய கணக்கு நோட்டில் இருந்தது. எழுத்தெல்லாம் தமிழ். நான் ஒவ்வொரு வட்டமாக வாசித்துச் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சில சனிக்கிழமைகள் இப்படிப் போயின. அவள் பத்து வயதுக்குப் பிறகு என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அப்போதுதான்.

கடைசிச் சனிக்கிழமை காபி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"பப்பா, உங்க படத்துல எந்த வட்டத்துலயும் ஒரு அம்பு இல்ல. கரண்ட் போனா எந்த வட்டத்துக்குப் போகும்?"

"எல்லா ரிலேயும் விழுந்துடும்மா. எல்லாம் மறந்து மொத வட்டத்துக்கு வந்துடும். இத யாரும் வரைய மாட்டாங்க. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்."

"உங்க லிஃப்டுலதான் ரிலே இல்லையே, பப்பா. நீங்கதானே எடுத்தீங்க?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"அதுல... ஞாபகம் இருக்கும். பேட்டரி வெச்சிருக்கேன்."

"சரி. கரண்ட் இல்லாதப்போ பெட்டி நகருமா?"

"நகரும். மேல ஒரு சக்கரம் இருக்குது, கையால சுத்தி எந்த மாடிக்கும் எறக்கலாம். அதையும் நான்தான் செஞ்சேன்."

"நகருறதக் கன்ட்ரோலர் எண்ணுமா?"

"பேட்டரி ஞாபகத்துக்கு மட்டும்தான். கரண்ட் இல்லாம எப்படி எண்ணும்?" என்றேன். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவள் அந்த அம்புகளைச் சேர்த்தாள். படத்தை அந்த இரண்டாவது வகையாக மாற்றும் வேலை நடந்தது, பிறகு தேடல். நான் ஒரு மடக்குக் காபி குடிக்கிற நேரம்தான். திரையில் ஆறு வரி வந்தது. அவள் படித்தாள். மூன்றாவது மாடியிலிருந்து பெட்டி கீழே வருகிறது. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் கரண்ட் போகிறது. கையால் சுற்றி முதல் மாடிக்கு இறக்குகிறார்கள். கரண்ட் வருகிறது, கன்ட்ரோலர் கணக்கில் பெட்டி இன்னும் இரண்டாவது மாடியில்தான். இரண்டாவது மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். பூட்டுத் திறக்கிறது, பெட்டி அங்கே இல்லை.

கிளேர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அத்தை எந்த மாடி?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

கண் தெரிந்தவன் கதவைத் திறந்தால் குழி தெரியும், சாத்திவிடுவான். லூர்து தடவிப் பார்த்துப் பொத்தானை அழுத்துவாள், பூட்டு 'டக்' என்றதும் கதவை இழுத்துவிட்டுக் காலை வைப்பாள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். "சத்தம் கேட்டா போதும், கண்ணு தேவையில்ல" என்று.

5

ஃபோன் கார்டைச் சுரண்டி அத்தனை எண்ணையும் போடுவதற்குள் இரண்டு முறை தப்பாகிவிட்டது. ஊரில் மத்தியானம் மூன்று மணி இருக்கும். மூன்றாவது முறை மணி அடித்ததும் எடுத்தாள்.

"அண்ணே! இன்னா இந்த நேரத்துல? சாப்ட்டியா?"

"அங்க கரண்ட் இருக்குதா?"

"இப்பதான் வந்துது. டீச்சரம்மா எறங்கி வர்றப்ப நடுவுல மாட்டிக்கிச்சு பாவம். கோவிந்துதான் சக்கரத்த சுத்தி ஒண்ணாவது மாடில எறக்கி வுட்டாரு. ஒரு ஆட்டம் அசைவு இல்லியாம், உன்னத்தான் பெருமையா சொல்லிக்கினு போச்சு."

திரையில் நான்கு வரி நடந்து முடிந்திருந்தது.

"லூர்து, அந்த லிஃப்டு..."

"அதுக்கு இன்னா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த லிஃப்ட் தப்பு, நான் தப்பாகச் செய்துவிட்டேன், கிட்டே போகாதே. மூன்று துண்டு வார்த்தை. வாயில் வரவில்லை. என் பெயர் போட்ட தகடு கண்ணுக்கு முன்னால் வந்தது. "எண்ணெ போடணும்" என்றேன். "ரொம்ப நாளாச்சு இல்ல. கோவிந்தாண்ட சொல்லி எண்ணெ போடச் சொல்லு."

"இவ்ளோதானா? பயந்தே போயிட்டேன். எனக்கும் மாத்திர வாங்கணும், இப்பவே கீழ போயி சொல்லிட்டு வரேன்."

"ஏய், லூர்து..."

வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் கிளேர்.

"சொல்லிட்டேன்."

மறுபடி எண்ணைப் போட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கிளேர் என் கையைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்கன்னா ஏன் திரும்பவும் கூப்பிடறீங்க?"

"எண்ணெய் போடணும்னுதான் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, "ஆல்பேர் நம்பர்" என்றாள்.

என் மருமகன் ஆல்பேருக்குக் காலாப்பட்டில் வேலை. மோட்டார் சைக்கிளில் பறந்தாலும் அரை மணி. செல்போனை எடுத்ததும் அவனுக்குச் சிரிப்பு.

"இன்னா மாமா, உங்க லிஃப்டுல கோளாறா? நீங்களா சொல்றீங்க? இருங்க, தேதிய எழுதி வெச்சிக்கிறேன்."

"வெளையாடாதடா! ரெண்டாவது மாடிக் கதவத் தொறந்தா பெட்டி இல்ல. உங்கம்மா அங்கதான் போறா. கோவிந்தக் கூப்பிட்டு மெயின எறக்கச் சொல்லு!"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"அது... ஒரு தரம் அப்பிடித் தொறந்துது மாமா. போன மழைக்கு. நான் பாத்துட்டு சாத்திட்டேன். லிஃப்டு ஒரு தரம் கீழ போயி வந்ததும் சரியாப் போச்சு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா 'உனக்குக் கதவத் தொறக்கத் தெரியல'ம்பீங்க." வைத்துவிட்டான்.

பிறகு காத்திருந்தேன். எத்தனை நிமிஷம் என்று கிளேருக்குத்தான் தெரியும், நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக்குக் குழியின் ஆழம் மனப்பாடமாக இருக்கும், அதுதான் தொல்லை. இரண்டாவது மாடி வாசலிலிருந்து முதல் மாடியில் நிற்கும் பெட்டியின் கூரை எத்தனை அடி, கூரையில் என் கையால் முறுக்கிய போல்ட்டுகள் எங்கெங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன, எல்லாம் தெரிந்தது. நோணாங்குப்பத்தில் படகிலிருந்து துறைக்குத் தாண்டும்போது, எட்டு வயது லூர்து கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தாள். "கண்ணத் தொறந்து குதி" என்று கத்தினேன். "நீதான் இருக்கியே" என்றாள். எதற்கு அது அப்போது ஞாபகம் வர வேண்டும்.

ஃபோன் அடித்தது. கோவிந்துவின் செல்போன், எனக்குத் தெரியாத நம்பர். பேசியது லூர்து.

"அண்ணே. படியில குந்திக்கினு இருக்கேன். ஒண்ணும் ஆவல."

"தொறந்தியா?"

"தொறந்தேன். உள்ளேர்ந்து காத்து அடிச்சுது. லிஃப்டுக்குள்ள ஏது காத்துன்னு நின்னேன். ஒரு கால் தூக்கிட்டேன், செருப்பு கழண்டு உள்ள வுழுந்துது. சத்தம்... ஒடனே வரல அண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சி வந்துது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கோவிந்து, மெயினை இறக்கிவிட்டேன் என்று கத்துவது கேட்டது.

6

மே மாதம் ஊருக்குப் போனேன். ஊருக்குப் பெயர் மாறி, கடைப் பலகைகளில் பாதி பாண்டிச்சேரி, பாதி புதுச்சேரி என்று இருந்தது. இரும்புக் கையைத் தேய்த்துத் துரு எடுத்துக் கையோடு கொண்டுபோய்த் திரும்ப மாட்டினேன். இப்போது பெட்டி வந்து தள்ளாமல் எந்தக் கதவும் திறக்காது. பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன். கரண்ட் போய் வந்தால் லிஃப்ட் எல்லாவற்றையும் மறந்து கீழே போய்த் தொட்டுவிட்டு வருகிறது. டீச்சரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, மெதுவாக இருக்கிறதாம். எல்லா வட்டத்துக்கும் எல்லா அம்பும் போட்ட புதுப் படத்தைக் கிளேர் தேடவிட்டாள், ஒன்றும் அகப்படவில்லை. "நீங்க சொன்னது சரின்னாதான் இது சரி, பப்பா" என்றும் எழுதியிருந்தாள். படத்தில் இல்லாததைப் புரோகிராம் தேடாது.

அந்த வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் நான் கை வைத்த லிஃப்டுகள் பாரீஸில் எத்தனையோ. இன்னொருவன் கையெழுத்தில், என் கை வேலை. எல்லாருக்கும் தெரியும் என்று நான் வரையாமல் விட்டது எதில் என்ன? இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் கதவு திறந்தால் முதலில் கீழே பார்க்கிறேன். பின்னால் நிற்பவர்கள் "பர்தோன், மிஸ்யூ" என்று நெருக்குகிறார்கள். நெருக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை ஃபோனை வைப்பதற்கு முன்னால் நடந்ததை இன்னும் எழுதவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே லூர்துவிடம் சொன்னேன். "எண்ணெ இல்லம்மா. நான் செஞ்சதே தப்பு. முன்னாடியே தெரிஞ்சுதான் ஃபோன் பண்ணேன். சொல்ல வாய் வரல."

பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல்.

"மொதல்லயே தப்புன்னு சொல்லியிருந்தா நான் நாற்காலிய வுட்டு எழுந்தே இருக்க மாட்டேனே, அண்ணே. நீ சொன்னத கேட்டுத்தானே போனேன்."

ஃபோனை வைத்தேன். கிளேர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முழுப் பேச்சையும் கேட்டவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா" என்று பிரெஞ்சில் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். பிறகு லூர்து சொன்னதை, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன்.